பிரிந்ததா, பிரித்ததா? கொலாஜ் படத்தின் விளிம்பைப் பார்ப்பது எப்படி

கல்லூரி ஓவியக் கண்காட்சியிலோ, யாரோ வாட்ஸப்பில் தள்ளிவிட்ட போட்டோவிலோ இப்படி ஒரு படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பெரிய பலகை. அதில் ஒரு கிழிந்த வேட்டித் துண்டு, பழுப்பேறிய தினசரித் தாள், கொஞ்சம் மண், அதற்கு மேல் அக்ரிலிக் பெயிண்ட்டை வழித்துவிட்டிருப்பார்கள், ஓரத்தில் ஒரு நூல் தொங்கும். கீழே சீட்டில் 'பிரிவு' என்றோ 'எல்லை' என்றோ எழுதியிருக்கும். பார்க்க வந்தவர் இரண்டு கேள்வி கேட்பார். இதில் பிரிவு எங்கே இருக்கிறது? இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதை ஒழுங்காக வரைந்தே காட்டியிருக்கலாமே, எதற்கு இந்தக் குப்பை சத்தையெல்லாம்?

இரண்டும் நியாயமான கேள்விகள். "மாடர்ன் ஆர்ட் அப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்காமல் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில், கொலாஜ் என்றால் என்ன

'ஒட்டுவது' என்று பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் கொலாஜ். தாளை வெட்டி ஒட்டி அலங்காரம் செய்கிற வீட்டுக் கைவேலை அதற்கு வெகு காலம் முன்பே உலகம் முழுக்க இருந்தது. ஓவியர்கள் அதை ஓவியமாக எடுத்துக்கொண்ட வருடம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1912. அந்த வருடம் பிக்காசோ ஒரு மேசைக் காட்சியை வரையும்போது, பிரம்பு பின்னிய நாற்காலியை வரையாமல், பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த் துணியை வாங்கி அப்படியே ஒட்டினார், படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதில் நிஜக் கயிறு கட்டினார். அதே வருடம் அவருடைய ஓவிய நண்பர் பிராக் மரக்கோடு அச்சிட்ட சுவர்த்தாளை ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்.

மிக்ஸ்ட் மீடியா, அதாவது கலப்பு ஊடகம், இதைவிட அகலமான சொல். பெயிண்ட்டோடு துணி, மண், உலோகம், நூல், போட்டோ எது சேர்ந்தாலும் அது கலப்பு ஊடகம். அப்படியென்றால் தஞ்சாவூர் ஓவியமும் கலப்பு ஊடகம்தானே என்று கேட்டால், ஆமாம். பலகை, அதன்மேல் துணி, சாக்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்புவது, தங்கத்தாள், கண்ணாடிக் கல் என்று நம்மூரில் இது பழைய வேலை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இந்தக் கட்டுரை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. தஞ்சாவூர்ப் படத்தில் கண்ணாடிக் கல் தான் கண்ணாடி என்பதை மறந்து கிருஷ்ணன் கழுத்து மாலை ஆகிவிட வேண்டும், அப்போதுதான் வேலை நன்றாக வந்தது என்று அர்த்தம். கொலாஜில் நேர்மாறு. ஒட்டிய தினசரித் தாள் தினசரித் தாளாகவே இருக்கும், அதில் என்றைக்கோ வந்த தங்கம் விலை தெரியும், அது வேறொரு இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரப்பட்டது என்பதும் தெரியும். தெரிய வேண்டும்.

அதாவது கொலாஜில் எதை ஒட்டினாலும் அது ஏற்கனவே எதிலிருந்தோ பிரிந்து வந்த பொருள். பூங்கொத்தைப் பற்றிக் கொலாஜ் செய்தாலும் அங்கே ஒரு பிரிவு உட்கார்ந்திருக்கும். இந்த ஊடகத்தைப் பிரிவைச் சொல்ல இத்தனை பேர் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம். வரைந்த சுவர் என்பது சுவரின் படம். வெட்டிய துணியோ வெட்டுப்பட்ட துணியேதான்.

'பிரிவு' என்ற சொல்லில் ஒரு சிக்கல்

தமிழில் பிரிவு என்ற ஒரே சொல் நிறைய வேலை பார்க்கிறது. காதலன் பொருள் தேடிப் போவதும் பிரிவு, ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவும் பிரிவு, பைபாஸ் ரோட்டில் பஸ் கண்டக்டர் "பிரிவு இறங்கு" என்பதும் பிரிவு. அண்ணன் தம்பி சொத்தைப் பங்கு போட்டால் பாகப்பிரிவினை. ஆகவே படத்தின் தலைப்பு 'பிரிவு' என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பிரிவு என்று நமக்குத் தெரியாது.

ஆனால் பெயர்ச்சொல் மறைத்துவிடுவதை வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பிரிந்தது, பிரித்தது. உடைந்தது, உடைத்தது. கிழிந்தது, கிழித்தது. பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை என்று படித்தோமே, அதுதான். முதலாவதில் செய்தவர் யாரும் இல்லை, தானாக நடந்தது. இரண்டாவதில் ஒரு கை இருக்கிறது. 'வெட்டு' என்ற வினைக்குத் தானாக நடக்கிற வடிவமே கிடையாது, எப்போதும் ஒருவர் வெட்டியாக வேண்டும். 'விரிசல்' அதற்கு எதிர்ப்பக்கம். விரிசல் விடும், விழும், அவ்வளவுதான். யாரும் சுவரை விரிசலிப்பதில்லை.

கொலாஜ் ஓவியர் தெரிந்தோ தெரியாமலோ ஒவ்வொரு விளிம்பிலும் இந்த இலக்கணத்தைத்தான் பயன்படுத்துகிறார். எனவே இந்த மாதிரிப் படத்தின் முன் நிற்கும்போது, இது எதைக் குறிக்கிறது என்று யோசிக்கும் முன், பிரிந்ததா பிரித்ததா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் படம் அங்கேயே திறந்துவிடும்.

விளிம்புகள் என்னென்ன சொல்கின்றன

1. வெட்டு. கத்தரியோ பிளேடோ விட்டுச்சென்ற சுத்தமான விளிம்பு. முடிவெடுத்துச் செய்தது, அளந்து செய்தது என்று அது சொல்லும். வரைபட எல்லை, கோர்ட் தீர்ப்பு, அரசாணை போன்ற பிரிவுகளுக்கு இது பொருந்தும். பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற பெண் ஓவியர் 1919-20 வாக்கில் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி ஒரு பெரிய கொலாஜ் செய்தார், அதன் நீளமான தலைப்பே கிச்சன் கத்தியால் வெட்டியது என்றுதான் தொடங்கும். அரசியல்வாதிகள், ராணுவத்தார், இயந்திரங்கள் எல்லாம் கண்டபடி வெட்டுப்பட்டுக் கிடக்கும். வலது கீழ் மூலையில் ஒரு சின்ன வரைபடம், அதில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்திருந்த ஐரோப்பிய நாடுகள். அந்த மூலையில் தன் முகத்தையும் சின்னதாக ஒட்டிவைத்தார். சமையலறைக் கத்தி யார் கையில் இருக்கும் என்பதுதான் தலைப்பின் குசும்பு. நம் பக்கம் என்றால் அரிவாள்மனை என்று வைத்திருப்பார்.

2. கிழிசல். இதில்தான் விஷயம் அதிகம். ஒரு அச்சடித்த தாளைக் கிழித்துப் பாருங்கள். ஒரு துண்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நார்க்கோடு தெரியும், மற்றத் துண்டில் அச்சு விளிம்பு வரை அப்படியே இருக்கும். எந்தக் கையை எந்தப் பக்கம் இழுத்தோம் என்பதைப் பொறுத்தது அது. ஒரே கிழிசல்தான், ஆனால் காயம் ஒரு துண்டுக்கு மட்டும் தெரிகிறது. இது தெரிந்த ஓவியர் எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று யோசித்து வைப்பார்.
அப்புறம் தாளுக்கு நெடுக்கு குறுக்கு உண்டு. தினசரியை ஒரு வாக்கில் கிழித்தால் நேராக வரும், அடுத்த வாக்கில் கோணல்மாணலாகப் போகும். மில்லில் தாள் ஓடும்போது நார்கள் ஓடுகிற திசையில் படிவதால் வருவது. துணியில் இது இன்னும் துல்லியம். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில், கடைக்காரர் கத்தரியால் ஓரத்தில் ஒரே ஒரு நறுக்கு கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் சர்ரென்று கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள், நூல் பிடித்த மாதிரி நேராக வரும். ஆக, கிழிசல் என்றாலே கட்டுப்பாடு இல்லாதது என்று நினைக்க வேண்டாம். பொருளுக்குள் ஏற்கனவே ஒரு வாக்கு இருக்கும்போது ஒரு சின்ன நறுக்கு போதும். ஊர்க் கலவரங்களைப் பற்றிப் படம் செய்கிறவர்கள் வெட்டை விட்டுவிட்டுக் கிழிசலைத் தேர்ந்தெடுத்தால், இதைத்தான் சொல்கிறார்கள் என்று பல சமயம் எனக்குத் தோன்றும்.

3. விரிசல். செய்தவர் இல்லாத பிரிவு. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணைக் குழைத்துப் பலகையில் தடிப்பாகப் பூசிக் காயவிட்டால், கோடையில் கம்மாய்த் தரை பிளப்பது போல அதுவாகவே பாளம் பாளமாகப் பிளக்கும். ஈரத்தில் ஊதி, காய்ந்தால் சுருங்குகிற களிமண் அது. ஓவியர் கை வைக்கவே வேண்டாம். இத்தாலியில் அல்பெர்ட்டோ பூரி என்ற ஓவியர் 1970-களில் வெள்ளைக் கலவையைப் பலகையில் பூசித் தானாகப் பிளக்கவிட்டுப் படங்கள் செய்தார். 1968 நிலநடுக்கத்தில் அழிந்த சிசிலியின் ஜிபெல்லினா என்ற ஊரின் இடிபாடுகள் மேல், பழைய தெருக்களை மட்டும் பிளவுகளாக விட்டு, வெள்ளைக் கான்கிரீட்டால் மூடினார். 1984-இல் தொடங்கிய அந்த வேலை 2015-இல்தான் முழுசாக முடிந்தது, அவர் இறந்து இருபது வருடம் கழித்து. நிலநடுக்கத்துக்கு விரிசல் சரியான வடிவம். அங்கே குற்றவாளி யாரும் இல்லை.

4. இடைவெளி. இரண்டு பலகைகளை நாலு விரல் தள்ளி மாட்டுவது, அல்லது நடுவில் ஒன்றும் ஒட்டாமல் விடுவது. பழைய குடும்ப ஆல்பத்தில் ஒருவரை மட்டும் வெட்டி எடுத்த போட்டோ இருக்குமே, பக்கத்தில் இருப்பவர் தோளில் அவருடைய கை மட்டும் மிச்சம் இருக்கும். அதைவிட இடைவெளியை விளக்க எனக்குத் தெரியவில்லை. லூசியோ ஃபொன்டானா என்ற ஓவியர் 1958 முதல் கேன்வாஸைப் பிளேடால் கீறினார், கீறலுக்குப் பின்னால் கறுப்பு வலைத்துணி ஒட்டினார், சுவர் தெரியாமல் இருட்டு மட்டும் தெரியட்டும் என்று. இடைவெளிக்குப் பின்னால் என்ன வைக்கிறோம் என்பதும் வேலையில் சேர்த்திதான்.

5. மறைப்பு. மேலே ஒன்றை ஒட்டியோ பூசியோ கீழே இருப்பதைப் பார்வையிலிருந்து பிரிப்பது. தேர்தல் நடத்தை விதி வந்ததும் சுவர் விளம்பரத்துக்கு வெள்ளையடிப்பார்கள், ஒரு மழை பெய்ததும் கட்சிப் பெயர் நிழலாக மேலே வரும். சுங்குடிச் சேலையும் இந்த வகைதான். மதுரைச் சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது, 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைச் சின்னச் சின்ன முடிச்சாக இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். நாம் பார்க்கிற புள்ளி, சாயம் தொடாமல் தப்பித்த இடம். பிரித்து வைத்ததால் உண்டான அழகு. குஜராத் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாக இடம்பெயர்ந்து வந்த ஒரு சமூகத்தின் துணி என்பதால், இடப்பெயர்வைப் பற்றிய படத்தில் சுங்குடி வந்தால் அதைச் சும்மா உள்ளூர் அலங்காரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. கோடு. பொருள் எதுவும் வெட்டுப்படாமல் மேலே போடப்பட்ட கோடு. அச்சுக் கலைஞர் சரீனா ஹாஷ்மி 1937-இல் அலிகாரில் பிறந்தவர், பிரிவினைக்குப் பின் அவர் குடும்பம் பாகிஸ்தான் போய்விட்டது. 2001-இல் இந்திய-பாகிஸ்தான் எல்லையை மரக்கட்டை அச்சாகச் செய்தார். தாளில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, வளைந்து வளைந்து இறங்கும். ஊர் பேர் எதுவும் இல்லை. மரக்கட்டை அச்சில் மேடாக இருப்பதுதான் மை பிடிக்கும். கறுப்பாகக் கோடு விழ வேண்டுமென்றால் கோட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கத்து நிலத்தையும் செதுக்கி எடுக்க வேண்டும். கோடு நிற்கிறது, நிலம் போய்விட்டது. 1947 ஆகஸ்ட் 17-ல், இரண்டு நாட்டையும் பிரித்த ராட்கிளிஃப் கோடு வெளியானதைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

மதுரைச் சுவர் தானாகச் செய்யும் கொலாஜ்

கொலாஜ் ஒட்டுவது என்றால், அதற்குத் தலைகீழான ஒன்றும் இருக்கிறது. ஒட்டியிருப்பதை உரிப்பது. 1949-இல் பாரிஸில் ரேமோன் எய்ன்ஸ், ஜாக் வில்லெக்லே என்ற இருவர் தெருச்சுவரில் கிழிந்து கிடந்த போஸ்டர் அடுக்குகளை அப்படியே பெயர்த்து வந்து கேன்வாஸில் ஏற்றினார்கள். வில்லெக்லே 2022-இல் இறக்கும் வரை அறியப்பட்டது இந்த வேலைக்காகத்தான். கிழித்தது அவர் இல்லை. தெருவில் போனவர்களும் மழையும்தான். எடுத்து வந்தது மட்டும் அவர்.

மதுரைக்காரர்களுக்கு இது விளக்கமே தேவைப்படாத விஷயம். காதணி விழா போஸ்டர் மேல் கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் சினிமா, அதன் மேல் தலைவர் பிறந்தநாள், எல்லாவற்றையும் மாடு ஒன்று பாதி தின்றிருக்கும். பசை மைதா மாவில் காய்ச்சியது என்பதால் மாட்டுக்கு அது பலகாரம். ஒரு முழத்துக்கு மேல் உரித்தால் விரல் தடிமனுக்குத் தாள் அட்டையாக வரும், ஒவ்வொரு அடுக்கும் ஒரு மாதம். அஞ்சலிப் போஸ்டரில் இருந்தவரின் பாதி முகத்துக்குக் கீழே ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பாதிச் சிரிப்பு சேர்ந்துகொள்ளும். பிரிவும் சேர்க்கையும் ஒரே நேரத்தில் நடக்கிற இடம் அது, யாரும் திட்டமிடாமல்.

இந்த உரிப்பு முறையை இங்குள்ள மாணவர்கள் இன்னும் நிறையச் செய்யலாம் என்பது என் கருத்து. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு போஸ்டர் அடுக்குகள் மெலிந்துகொண்டே போகின்றன. ஃப்ளெக்ஸ் கிழியாது, ஊறாது, ஒன்றோடொன்று ஒட்டாது. கழற்றினால் கீழே ஒன்றும் இருக்காது.

சுவரைப் படமாக்கும்போது நடக்கும் தவறு

பிரிவைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன. நடுவில் ஒரு பிளவு, இடப்பக்கம் ஒரு முகம், வலப்பக்கம் ஒரு முகம், இரண்டும் ஒரே அளவு, பிளவில் சிவப்புப் பெயிண்ட். பார்க்கச் சமநிலையாக இருக்கும். பரிசும் கிடைக்கும். ஆனால் பொய்.

உத்தப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊரில், 1989 மோதலையொட்டி எழுந்த சுமார் 600 மீட்டர் நீளச் சுவர் தலித் மக்களின் குடியிருப்பை ஊரின் மற்றப் பகுதியிலிருந்து பிரித்து நின்றது. தீண்டாமைச் சுவர் என்று செய்திகளில் வந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது.

இதை ஒருவர் நடுவில் விரிசலாக வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தவறு நடந்துவிடுகிறது.

1. விரிசலுக்குச் செய்தவர் கிடையாது. சுவருக்கு உண்டு. விரிசலாக வரைந்ததும் கட்டியவர்கள் படத்திலிருந்து தப்பித்துப் போய்விடுகிறார்கள். பிறவினை தன்வினையாகிவிடுகிறது.

2. சுவர் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சுவர் கிடையாது. ஒரு பக்கத்தாருக்கு அது காவல், மறுபக்கத்தாருக்கு அது சுற்றுப்பாதை. கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போக எத்தனை தூரம் சுற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்தப் பக்கத்தில் சுவரின் உண்மையான நீளம். எனக்குக் கையில் கத்தரியும் தாளும் கொடுத்தால் நான் சுவரையே ஒட்ட மாட்டேன், சுற்றிப்போன பாதையை மட்டும் ஒரு நீளமான நூலாகத் தைப்பேன், மறுபக்கத்துப் பாதையை அதே நூலில் சின்னதாக. சுவர் இல்லாமலே தெரிந்துவிடும்.

3. ஒரு பகுதியை இடித்ததும் கதை முடிந்தது என்று படம் சொல்லிவிடும் ஆபத்து. டோரிஸ் சல்செடோ என்ற கொலம்பியக் கலைஞர் 2007-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்துத் தரையை நீளத்துக்கும் பிளந்துவைத்தார். கண்காட்சி முடிந்ததும் பிளவைச் சிமென்ட்டால் நிரப்பினார்கள். தழும்பு அப்படியே இருக்கிறது, இன்றைக்கும் ஜனங்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள். இதுவும் விரிசல் வடிவம்தானே என்று நீங்கள் மடக்கலாம். சரிதான். ஆனால் அழகான ஒரு பெரிய கட்டடத்தின் தரையை ஒருவர் வேண்டுமென்றே பிளந்தார் என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அங்கே கை மறையவில்லை.

மதுரை நகரமே இப்படி ஒரு தழும்பின் மேல்தான் சுற்றி வருகிறது. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரையும் அகழியையும் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் எடுத்துவிட்டார், அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். சுவர் போய்விட்டது, அது நின்ற கோடு வெளி வீதிகளாக இருக்கிறது. கோட்டைக்கு வெளியே என்ற அர்த்தம் அந்தப் பெயருக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஒட்டுகிற இடம்

இதுவரை வெட்டையும் கிழிசலையும் பேசினோம். ஆனால் வெட்டிய துண்டு தனியாகக் கிடந்தால் அது குப்பைக்கூடை. பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒட்டும்போதுதான் இரண்டும் சேராதவை என்பது தெரிகிறது. பிரிவைச் சொல்வதில் பசைக்குப் பாதிப் பங்கு என்று சொல்வது இதனால்தான்.

சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிய அழகரின் விழாவோடு மதுரையில் சேர்த்தார் என்று மதுரை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். சைவ விழா ஒன்று, வைணவ விழா ஒன்று. ஒட்டிய இடத்தில் ஒரு தையல் தெரியுமே, அதை என்ன செய்வது? தங்கை கல்யாணத்துக்கு வந்த அழகர் தாமதமாகிவிட்டது, கல்யாணம் முடிந்ததைக் கேட்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்று ஜனங்கள் கதை சொன்னார்கள். தையலை மறைக்காமல் அதையே கதையின் முக்கியமான இடமாக ஆக்கிவிட்டார்கள். லட்சக்கணக்கான பேர் ஆற்றில் நின்று பார்ப்பது, ஒரு வகையில், அந்த ஒட்டு சரியாகச் சேராத இடத்தைத்தான். கொலாஜ் ஓவியர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இந்த ஊரில் இல்லை.

இன்னொன்று, 'கரை' என்ற சொல். வைகைக்குக் கரை உண்டு, வேட்டிக்கும் கரை உண்டு. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஊர்ப் பங்காளிகளின் பிரிவுக்கும் கரை என்றுதான் பெயர், கோயில் மரியாதை கரை வாரியாகப் போகும். ஒரு வேட்டியின் பச்சைக் கரையைக் கிழித்து நீலத்தின் மேல் ஒட்டினால், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது ஆறாகவும் பங்காகவும் சேர்ந்தே தெரியும். வெளியூர்க்காரருக்கு வெறும் பச்சைப் பட்டையாகத் தெரியும். அது பரவாயில்லை.

இடம்பெயர்ந்தவர்களின் பிரிவைச் சொல்ல ஒட்டு இன்னொரு வகையில் உதவுகிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட ஒரு கலைப்புத்தகத்தில், போரால் வீட்டை விட்டுப் போன தமிழ் பேசும் மக்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்தார்கள். அதோடு கட்டடக்கலை முறையில் சரிசெய்த பிரதியும், ஓவியரின் சித்திரமும் சேர்ந்து வரும். நில ஆவணப் பதிவேட்டுக்குக் காலனி காலத்திலிருந்து வழங்கும் பெயரான 'தோம்பு' அதன் தலைப்பில் இருக்கிறது. கை நடுங்கிப் போட்ட கோட்டுக்கும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் அங்கே பிரிவு. ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கிற மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பசை, தாள், வெயில்: செய்கிறவர்களுக்கு

கருத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதுரை வெயிலில் இரண்டு கோடை தாங்க வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. மைதாப் பசை மலிவு, ஆனால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. பைண்டிங் வேலை செய்பவர்கள் அதில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. பெவிகால் மாதிரி வெள்ளைப் பசையோ அக்ரிலிக் மீடியமோ (நிறம் சேர்க்காத அக்ரிலிக் கூழ்) பாதுகாப்பு.

2. பலகையின் ஒரு பக்கம் மட்டும் தாளை ஒட்டினால், ஈரத்தில் நீண்ட தாள் காயும்போது சுருங்கிப் பலகையை வளைக்கும். பின்பக்கமும் அதே அளவு தாளை ஒட்டிவிட்டால் இழுப்பு சமனாகும்.

3. எண்ணெய் வண்ணத்துக்கு மேல் அக்ரிலிக் பூசினால் நாளாவட்டத்தில் உரியும். அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், தப்பில்லை. உரிவதே வேண்டும் என்று செய்கிறவர்களும் உண்டு, அது அவர்கள் பாடு.

4. பாகப்பிரிவினைப் பத்திரம், ரேஷன் கார்டு, பழைய கடிதம் போன்றவற்றை ஒட்ட ஆசை வரும். மூலத்தைத் தொடாதீர்கள், ஜெராக்ஸ் எடுங்கள், அடுத்தவர் பெயரும் சர்வே எண்ணும் தெரிகிற இடத்தை மறையுங்கள். ஜெராக்ஸில் இன்னொரு வசதியும் உண்டு. அதன் மை தண்ணீரில் கரையாது. பிரதியை அக்ரிலிக் மீடியம் பூசி முகம் கீழே இருக்கும்படி ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, பின்பக்கத்தை நனைத்து விரலால் தேய்த்தால் தாள் திரிதிரியாக வந்துவிடும், எழுத்து மட்டும் பலகையில் நிற்கும். இடவலம் மாறி, கண்ணாடியில் பார்த்த மாதிரி. தாளை விட்டு எழுத்து பிரிந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டின் நான்கெல்லை விவரம் அப்படித் தலைமாறி நிற்பதைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையிருக்காது.

5. தினசரித் தாள். மரக்கூழில் இருக்கும் லிக்னினை நீக்காமல் செய்கிற தாள் என்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும், நொறுங்கும், அதன் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். நீடிக்க வேண்டுமென்றால் செய்தியைப் பருத்தித் தாளில் பிரின்ட் எடுத்து ஒட்டலாம். ஆனால் சிலர் தெரிந்தே அசல் தினசரியையும் நல்ல பருத்தித் தாளையும் பக்கம் பக்கமாக ஒட்டி, இரண்டையும் ஒரே வெளிர் நிறத்தில் மெல்லிசாகப் பூசி, ஒட்டு தெரியாமல் முடித்துவிடுகிறார்கள். திறப்பு விழா அன்று அது ஒரே தாள் மாதிரி இருக்கும். நாலைந்து வருடம் கழித்து ஜன்னல் வெளிச்சம் படுகிற ஹாலில் போய்ப் பார்த்தால், ஒரு பாதி மட்டும் டீ பட்ட மாதிரி பழுத்து, நடுவில் கோடு நேராக இறங்கியிருக்கும்.